டேங்க் மோட்டார் கன்ட்ரோலர்: ஒன்றரை வருஷ அனுபவம்

"தம்பி, அந்த மோட்டார் பெட்டி எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன்" என்று பக்கத்து வீட்டு அண்ணன் நேற்று கேட்டார். காயில் கட்டி வந்த மோட்டாரை அப்போதுதான் மாட்டி முடித்திருந்தேன்.

நோட்எம்சியு போர்டு (ப்ரோகிராம் ஏற்றும் குட்டிக் கம்ப்யூட்டர்), தண்ணீர் மட்டத்தை ஒலியால் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே, எல்லாம் வழக்கமானதுதான். ப்ரோகிராம் மட்டும் நெட்டில் கிடைத்ததை அப்படியே ஏற்றியது. தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடும், 20 நிமிஷத்தில் தானாக நிற்கும். முட்டிவலியோடு அம்மா மொட்டை மாடிக்கு ஏறி டேங்கை எட்டிப் பார்ப்பது பெட்டியை மாட்டிய அன்றோடு நின்றது. அதற்காகவே இந்தப் பெட்டியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சமீபத்தில் ஒரு ஞாயிறு மதியம் 1 மணிக்கு போர்டை மட்டும் இன்வர்ட்டர் லைனுக்கு மாற்றினேன். 50-வது நாள், திங்கள் காலை, 6 மணி ஆகப் போகிறது. ரிலே டக் டக்கென்று அடித்தது. மோட்டார் உறுமுகிறது, அடங்குகிறது, மறுபடி உறுமுகிறது. ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் வார்னிஷ் கருகிய வாடை வந்துவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து ப்ரோகிராமைப் படித்தேன். போர்டு ஆன் ஆனதிலிருந்து ஓடும் மில்லிசெகண்ட் கணக்கு 4,294,967,295 வரைதான் போகும். அதாவது 49 நாள், 17 மணி, 2 நிமிஷம் சொச்சம். பிறகு மறுபடி 0. 'இப்போதைய நேரத்தோடு 20 நிமிஷத்தைக் கூட்டு, அதைத் தாண்டினால் நிறுத்து' என்று எழுதியிருந்தார்கள். கடைசி 20 நிமிஷத்தில் அப்படிக் கூட்டினால் விடை சுற்றிவந்து சின்ன எண்ணாகிவிடும். போட்ட மோட்டார் உடனே நிற்கும். தண்ணீர் இன்னும் குறைவு என்பதால் உடனே திரும்பவும் ஓடும். மோட்டாரைக் காப்பாற்ற வைத்த வரியே மோட்டாரை எரித்திருக்கிறது! அதுவரை எங்களைக் காப்பாற்றியது பவர்கட். கரண்ட் போகும்போதெல்லாம் கணக்கு 0-விலிருந்து தொடங்கியிருக்கிறது. இன்வர்ட்டருக்கு மாற்றியதும் அதுவும் போயிற்று.

கூட்டுவதை எடுத்துவிட்டு, இப்போதைய நேரத்திலிருந்து மோட்டார் போட்ட நேரத்தைக் கழிக்கும்படி மாற்றினேன். கணக்கு சுற்றினாலும் கழித்தால் விடை சரியாக வரும். ஒருமுறை நின்றால் 5 நிமிஷம் ஓடக்கூடாது என்றும் சேர்த்தேன். 50 நாள் காத்திருக்க முடியாது. கணக்கை 4,294,900,000-லிருந்து தொடங்க வைத்து, 67 விநாடியில் அது 0-வைத் தாண்டுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ரிலே அசையவில்லை.

எங்கள் வீட்டில் பெட்டி மறுபடி ஓடுகிறது. ஆனால் ப்ரோகிராமில் பாதி வரிகளை இன்னும் நான் படிக்கவில்லை. அண்ணனிடம், "கடையில் ஃப்ளோட் ஸ்விட்ச், அதான் தண்ணியில மிதக்குற ஸ்விட்ச், வாங்கி மாட்டுங்கண்ணே, இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.