ஹரித கர்ம சேனை: மாதம் 50 ரூபாய் தாராளமாகக் கொடுக்கலாம்

கேரளாவுக்குக் குடிவரும் நம்மாட்கள் முதலில் கேட்பது, "குப்பைக்கு எதுக்குங்க காசு?" என்பதுதான். இங்கே ஹரித கர்ம சேனை என்ற பெயரில் குடும்பஸ்ரீ (கேரள அரசின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பு) பெண்கள் மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்கிறார்கள், எங்கள் ஊராட்சியில் 50 ரூபாய். சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை போனில் ஸ்கேன் செய்து பதிவு போட்டுவிடுவார்கள், அதனால் கொடுத்தோமா இல்லையா என்ற வாய்த்தகராறுக்கே இடமில்லை.

பால் கவரைக் கழுவிக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும், மீன் கழிவு, சாப்பாட்டு மிச்சம் எல்லாம் நம் பாடு. எனக்கு இது பெரிய குறைதான். மண்ணே இல்லாத மாடி வீட்டில் உரக்குழி எங்கே தோண்டுவது?

2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பல நாள் எரிந்து ஊரே புகையில் மூச்சுமுட்டிய பிறகு வசூலில் கண்டிப்பு கூடியது. இப்போது கட்டாவிட்டால் அபராதத்தோடு சொத்து வரி பாக்கி மாதிரி வசூலிக்கச் சட்டமே இருக்கிறது. கண்டிப்பு சரிதான், ஆனால் வாசலில் நின்று திட்டு வாங்குவது சட்டம் போட்டவர்கள் இல்லை, சாக்கு சுமக்கும் அந்தச் சேச்சிகள். நம் கட்டணம்தான் அவர்களுடைய முக்கிய வருமானமே, அதிலும் பேரம் பேசுகிற ஆட்களை என்ன சொல்ல!

அப்புறம், வாடகைக்குப் போகிறவர்கள் பழைய பாக்கி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.