கயிறுதான் நன்றாக மணக்கிறது

"நீ போடுவியே அந்த நீல பாட்டில் சென்ட்டு, விலை நல்லா இறங்கியிருக்குடா, வாங்கலாமா?" என்று நண்பன் போன வாரம் கேட்டான். வாங்கு, வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். இரண்டரை வருஷமாக அதைப் போட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டு, திட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு இருப்பவனிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் எப்படி வரும்? அதனால் இது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வைத்திருக்காதவர்கள் அதைவிடப் பெரிய சண்டைக்கு வருவார்கள். கடல், பாய்மரம், சுதந்திரம் என்று பெட்டியில் எழுதியிருக்கும் வகை. நீலக் கண்ணாடி, 100 மி.லி., ஓ டி டாய்லெட். மூடி, காற்று நிரம்பிய பாய் மாதிரி வளைந்திருக்கும். கழுத்தில் வெள்ளையும் நீலமுமாய் முறுக்கிய பருத்திக் கயிறு, முன்பக்கம் ஒரு முடிச்சு. மாலுமிகள் போடும் முடிச்சாம். இந்தக் கயிற்றைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஆனால் வாசனையைச் சொல்லாமல் கயிற்றுக்குப் போனால் அது அநியாயம்.

அடித்ததும் வரும் முதல் இருபது நிமிஷம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. எலுமிச்சைத் தோலை நறுக்கின கத்தியை நக்கிப் பார்த்த மாதிரி ஒரு கூர்மை, அதன் பின்னாலேயே தர்பூசணி. பழம்கூட இல்லை, தோலுக்கும் சிவப்புக்கும் நடுவே சப்பென்று வெள்ளையாக இருக்குமே, அந்தப் பகுதி. முதன்முதலில் போட்டுக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது அக்கா கேட்டது, "பாத்ரூம் கழுவிட்டு வர்றியாடா?" கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கூர்மை பெரும்பாலும் டைஹைட்ரோமிர்செனால் என்ற பொருளின் வேலை. 1982-ல் வந்த டிராக்கார் நுவார், 1988-ல் வந்த கூல் வாட்டர் என்ற இரண்டு பெர்ஃப்யூம்களும் அதைத் தாராளமாகப் போட்டுத்தான் பெயர் வாங்கின. மலிவான பொருள், சோப்பிலும் கெடாமல் நிற்கும், ஆகவே துணி துவைக்கிற பவுடர், தரை துடைக்கிற திரவம் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நாம் தினமும் துவைத்துத் துடைத்துப் பழகிய மூக்கோடு வந்து இதை முகர்ந்தால் கப்பலா தெரியும், வாளிதான் தெரியும்.

தர்பூசணிக்குப் பொறுப்பு காலோன் என்ற செயற்கை வாசனைப் பொருள். 1966-ல் ஃபைசர் மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர்கள் கண்டது. தர்பூசணி, சிப்பி, கடற்காற்று எல்லாம் ஒன்றாகக் கலந்த மாதிரி மணக்கிற ஒற்றைப் பொருள், கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப வருஷம் கிடந்தது. 1988-ல் அராமிஸ் நியூ வெஸ்ட் என்ற பெர்ஃப்யூமில் துணிந்து போட்டார்கள், 1992-ல் லோ டிஸ்ஸே, 1996-ல் அக்வா டி ஜியோ, அப்புறம் கேட்கவே வேண்டாம், தொண்ணூறுகள் முழுக்க ஊர் உலகமே தர்பூசணிதான். இன்றைக்கும் பாட்டிலில் அலையோ நங்கூரமோ படம் இருந்தால் உள்ளே இது இருக்கும் என்று பாதிக்கு மேல் தைரியமாகப் பந்தயம் கட்டலாம்.

சரி, நிஜக் கடல் இப்படியா மணக்கிறது? உப்புக்கு வாசனையே கிடையாது, அது ஆவியாகி மூக்குக்கு வருகிற பொருளே இல்லை. நாம் கடல் வாசனை என்று நெஞ்சு நிறைய இழுப்பதில் பெரிய பங்கு டைமெத்தில் சல்ஃபைடு என்கிற கந்தகச் சேர்மத்துக்கு. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் சாகும்போதும் அவற்றைச் சிறு உயிர்கள் மேயும்போதும் வெளியேறும் ஒரு பொருளை பாக்டீரியாக்கள் உடைத்து இதை உண்டாக்குகின்றன. துளியூண்டு இருந்தால் கடற்கரை, கொஞ்சம் கூடினால் வேகவைத்த முட்டைக்கோஸ். நடுக்கடலில் பறக்கும் சில பறவைகள் இந்த வாசனையைப் பிடித்துத்தான் இரை இருக்கும் இடத்துக்குப் போகின்றன என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆக, உண்மையான கடலில் அழுகல் உண்டு, பாசி உண்டு, கவிச்சி உண்டு. என் பாட்டிலில் இருப்பது கவிச்சி கழித்த கடல். தமிழில் வடக்கே இருந்து வரும் குளிர்காற்றும் வாடைதான், மூக்கைச் சுளிக்க வைப்பதும் வாடைதான். பெர்ஃப்யூம் செய்கிறவர்கள் முதல் வாடையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். துடைத்த ஈரம்தான் அக்கா மூக்குக்குப் போயிருக்கிறது.

நான் பாய்மரப் படகில் ஏறியது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நாள். சுதந்திரம் எல்லாம் ஒன்றும் மணக்கவில்லை. ஈரக் கயிறு, துரு, டீசல் (பாய் இருந்தாலும் ஒரு குட்டி எஞ்சின் வைத்திருக்கிறார்கள்), பக்கத்தில் இருந்தவர் பூசியிருந்த சன்ஸ்கிரீன், இன்னொருவர் ஓரமாய்க் குனிந்து எடுத்த வாந்தி. ஆனால் இறங்கிய பிறகு கை நன்றாக மணந்தது. கயிற்றைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் ஏறிய ஒரு வாசனை, உப்பும் நாரும் வெயிலுமாக. சாப்பிடக் கை கழுவும்போது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெர்ஃப்யூமுக்கு வருவோம். இருபது நிமிஷம் பொறுத்தால் அடங்கிவிடும், ஒரு மணி நேரம் கழித்து உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் பட்டு வெயிலில் காய்ந்த மரக்கட்டை மாதிரி, அடியில் மெல்லிய கஸ்தூரி. தோலில் நாலு மணி நேரம், சட்டையில் அடுத்த நாளும் உண்டு. ஏசி அறையில் சாதுவாக உட்கார்ந்திருக்கும், வெயிலில் நடந்தால் எழுந்துகொள்ளும். கழுத்தில் லேசாக வியர்த்திருக்கும்போதுதான் இது ஏதோ ஒரு கடலுக்குப் பக்கத்திலாவது போகிறது. இவர்கள் கழித்துக் கட்டிய உடம்பு வாசனையை நாமே திருப்பிச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: அரை மணியில் நம் மூக்குக்குப் பழகிவிடும், போய்விட்டது என்று நினைத்து இன்னும் நாலு அமுக்கு அமுக்குவோம், லிஃப்டில் கூட வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் முதல் மாதம் செய்த பாவம் அது.

இப்போது பம்ப். ஆறாவது மாதத்திலிருந்து ஒழுகல். அமுக்கினால் முன்னால் புகையாக வருவதோடு, நாசிலுக்கு அடியிலிருந்து ஒரு துளி வழிந்து விரலை நனைத்துப் பாட்டிலின் கழுத்தில் இறங்கும். ஒவ்வொரு தடவையும். பம்பின் தலையை நேராக மேலே இழுத்தால் கழன்று வரும், அதை வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்டு ஊசியால் குத்திச் சுத்தம் செய்தேன். புகை நன்றாக வந்தது, ஒழுகலும் நன்றாக வந்தது. கோளாறு கீழே, அலுமினிய வளையத்தில். இந்த வகை பாட்டில்களில் பம்பைத் திருகி மாட்டுவதில்லை, வளையத்தைக் கழுத்தோடு சேர்த்து நெரித்து விடுகிறார்கள், கழற்ற வேண்டுமென்றால் குறடு வைத்துக் கிழிக்கத்தான் வேண்டும், கிழித்தால் மறுபடி மூட முடியாது. நிறுவனத்துக்கு எழுதினேன். பாட்டிலை நிமிர்த்தி வைக்கச் சொல்லிப் பதில் வந்தது. அதற்கு முன்னால் நான் அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தேன் என்று நினைத்தார்கள் போல.

கணக்குப் போட்டேன், கோபத்தில்தான். இந்த மாதிரி ஸ்ப்ரே ஒரு அமுக்குக்கு ஏறக்குறைய 0.1 மி.லி. தரும், 100 மி.லி.க்கு ஆயிரம் அமுக்கு. நான் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று. இரண்டரை வருஷத்துக்கு 780 அமுக்கு, அதாவது 78 மி.லி. ஆனால் பாட்டில் போன மாதமே அடி தட்டிவிட்டது. லிஃப்ட் பாவத்துக்கும் ஆவியாய்ப் போனதற்கும் கொஞ்சம் தள்ளினாலும் பதினைந்து மி.லி.க்குக் குறையாமல் அந்தக் கயிறு குடித்திருக்கிறது.

போன மாதம் வளையத்தை நன்றாகப் பார்க்கலாமென்று கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவிழவில்லை. நகத்தால் நெம்பினால் படக்கென்று மொத்தமாகப் பிய்ந்து கையோடு வந்தது. முடிச்சே இல்லை! இரண்டு துண்டுக் கயிற்றை முடிச்சு மாதிரி மடித்துப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பாய்மரத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் ஒரு ரீஃப் முடிச்சு போட ஆள் இல்லாமல் பசை தடவியிருக்கிறார்கள். காற்று பலமாகும்போது பாயைச் சுருட்டிக் கட்டுவதற்கென்றே இருக்கும் முடிச்சு அது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுவார்கள்: வலதை இடது மேல் போட்டு ஒரு சுற்று, பிறகு இடதை வலது மேல் போட்டு ஒரு சுற்று, இரண்டையும் ஒரே பக்கமாகச் சுற்றினால்தான் தப்பாகி நழுவும். அவ்வளவுதான் வித்தை. பசை காய்வதற்கு இதைவிட நேரம் ஆகியிருக்கும்.

தூக்கி எறியப் போனவன் எறிவதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோனேன். இங்கேதான் விஷயம்.

அந்தப் படகிலிருந்து இறங்கிய கை. அதே வாசனை, அப்படியே இல்லை, ஆனால் அதன் தம்பி. எலுமிச்சைக் கத்தி போய்விட்டது, பாத்ரூம் போய்விட்டது, தர்பூசணி எங்கேயோ அடியில் உப்பாக மாறிக் கிடக்கிறது, மேலே பழைய பருத்தியும் தூசியும் இரண்டரை வருஷம் என் விரல் பட்ட எண்ணெயும். யோசித்தால் காரணம் புரிகிறது. ஆல்கஹாலும் லேசான பொருட்களும் முதலில் பறந்துவிடும், கஸ்தூரி, மர வாசனைகள், காலோன் மாதிரி கனமானவை நாரைப் பிடித்துக்கொண்டு தங்கும். துளித் துளியாக விழுந்து விழுந்து, ஒவ்வொரு தடவையும் மேல்பாகம் பறந்து அடிபாகம் மட்டும் சேர்ந்து சேர்ந்து, எனக்குப் பிடிக்காத இருபது நிமிஷமே இல்லாத ஒரு பெர்ஃப்யூம் அந்தக் கயிற்றுக்குள் தயாராகியிருக்கிறது. துடைத்து எடுத்த அழுக்கை என் விரலும் தூசியும் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. பாட்டிலுக்குள் இருந்ததில் ஒரு நாள்கூட இந்த வாசனை வந்ததில்லை.

பசையைச் சுரண்டிவிட்டு, முறையான முடிச்சு ஒன்று போட்டு, சட்டை அடுக்குகிற அலமாரியின் கொக்கியில் மாட்டினேன். இப்போது என் சட்டை எல்லாம் பெர்ஃப்யூம் போடாமலே மணக்கிறது. அக்கா நேற்று, "இது எந்த சென்ட்டு, நல்லாருக்கே" என்றாள். அதே பாட்டில்தான் என்று நான் சொல்லவில்லை.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. ஒழுகுகிற பம்ப், ஒட்டின முடிச்சு, தரை துடைக்கிற முதல் இருபது நிமிஷம், கடைசி வரை அவிழ்க்க முடியாத வளையம். நடுவில் வரும் நாலு மணி நேரம் அழகுதான், ஆனால் அந்த அழகு இதைவிடக் குறைந்த தொந்தரவில் வேறு பத்து பாட்டிலில் கிடைக்கும். விலை இறங்கியது என்பதற்காக எல்லாம் வாங்க ஆரம்பித்தால் வீடு தாங்காது.

நான் ஒன்று ஆர்டர் போட்டேன். விலை இறங்கியிருந்தது.

முந்தாநாள் வந்து சேர்ந்தது. வாசனை மாறவில்லை. ஆனால் கயிறு இல்லை, கண்ணாடியில் கயிறு மாதிரி கோடு அச்சடித்திருக்கிறார்கள், முடிச்சுக்கு ஒரு நிழல்கூடப் போட்டிருக்கிறார்கள். பழைய கயிற்றை அலமாரியிலிருந்து எடுத்து, அந்தக் கோட்டை மறைத்து இறுகக் கட்டி, இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். புது பம்ப் ஒரு சொட்டு ஒழுகவில்லை.