எம்.டி. 90: வன்னி வீதியில் ஒரு ஜப்பானிய அஞ்சல் வண்டி

வட்டக்கச்சியிலிருந்து கிளிநொச்சிக்கு நாள்தோறும், முல்லைத்தீவுக்குக் கிழமையில் ஒரு தடவை என மூன்று ஆண்டுகள் ஓடிய பின்னரே இந்த வண்டியைப் பற்றி எழுதத் துணிகிறேன். என்னிடம் இருப்பது ஹொண்டா நிறுவனம் ஜப்பானிய அஞ்சல் சேவைக்காகச் செய்த எம்.டி. 90. கடிதக்காரருக்கென்று செய்யப்பட்டதால் வண்டி சிவப்பு. பின்னால் ஆசனத்தைவிடப் பெரிய கரியர். அந்தக் கரியரின் மேல் பஞ்சு மெத்தை வைத்துத் தைத்து இரண்டாவது ஆளை ஏற்றுவது நம்மவரின் கண்டுபிடிப்பு.

வன்னியில் எம்.டி. 90 என்றால் விளக்கம் தேவைப்படாது. ஆயினும் இதன் மூலவடிவம் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தால், இந்த மண்ணில் இது ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பது ஓரளவு புரியும். கொல்லராகவும் சைக்கிள் திருத்துபவராகவும் இருந்தவரின் மகனாக 1906 இல் பிறந்த சொய்சிரோ ஹொண்டா, போருக்கு முன்பே பிஸ்டன் வளையம் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். போரும் 1945 இன் நிலநடுக்கமும் அதைச் சிதைத்துவிட, மிஞ்சியதை டொயோட்டாவுக்கு விற்றார். 1946 இல், இராணுவம் வானொலிக் கருவிகளுக்கு மின் வழங்கப் பயன்படுத்திக் கைவிட்டிருந்த சிறிய இயந்திரங்களை வாங்கிச் சைக்கிள்களில் பூட்டி விற்கத் தொடங்கினார். அப்போது ஜப்பானில் பெற்றோல் பங்கீட்டில்தான் கிடைத்தது. ஆகவே பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயையும் கலந்து அந்த வண்டிகளை ஓட்டினார்கள்.

இந்தச் செய்தியை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலை விட்டு வண்டியை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் நாங்கள். வீதியெங்கும் புகை; கரி படிந்த பிளக்கைக் கழற்றி மண்தாளில் தேய்ப்பது அன்றாடக் கடமை. ஜப்பானின் ஹமமட்சு நகரில் ஹொண்டா செய்ததையே, அவரது பெயர் பொறித்த வண்டியில், அரை நூற்றாண்டு கழித்து நாங்களும் செய்துகொண்டிருந்தோம்.

1948 இல் பதிவான அவரது நிறுவனத்துக்கு மறுவருடம் வந்து சேர்ந்தவர் தகேயோ புஜிசாவா. நிறுவன முத்திரையையே அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஹொண்டா பட்டறையில் நின்றார். விற்பனையும் பணமும் புஜிசாவாவின் பொறுப்பு. கண்டுபிடிப்பாளர் ஒருவரின் தனித்த திறமை என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் புஜிசாவாவை மறந்துவிடுகிறார்கள் என்பது என் குறை. 1958 இல் வெளிவந்த சூப்பர் கப் இந்த இருவரும் சேர்ந்து யோசித்த வண்டி: உணவு கொண்டுபோகும் பையன் ஒரு கையில் பாத்திரத்தை ஏந்தியபடி மறு கையால் ஓட்டக்கூடியதாக, கிளச் பிடி இல்லாமல், காலாலேயே கியர் மாற்றும்படி அமைத்தார்கள். 2017 இல் அந்த வரிசையின் உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. எம்.டி. 90 அதன் அஞ்சல்காரத் தம்பி.

கிளச் பிடி இல்லாத அந்த வசதியின் அருமை இரணைமடு வாய்க்கால் கட்டில் தெரியும். மண்வெட்டியைத் தோளில் சாய்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெதுவாக ஓட்டிச் செல்லலாம். நான் சொல்வது பொலிஸார் நிற்காத வயல் பாதையைப் பற்றி மட்டுமே. சில்லுகள் சிறியவை என்பதால் வண்டி தாழ்வாக இருக்கிறது. உர மூட்டையை ஏற்றுவது எளிது, மூட்டையோடு கால் ஊன்றி நிற்பதும் எளிது. அதே சிறிய சில்லு மாரி மழைக்குப் பின்னர் ஒழுங்கைகளின் சேற்றில் புதையும்போது, இறங்கித் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. எரிபொருள் செலவைப் பொறுத்தவரை எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை: 2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு அட்டைக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று மோட்டார் சைக்கிள்களுக்கு அளந்து கொடுத்தபோது, என்னிடமிருந்தது சைக்கிள் மட்டுமே, எம்.டி. வைத்திருந்த அயலவர் அந்த 4 லீற்றரிலேயே வயலுக்கும் சந்தைக்கும் போய்வந்தார். அதைப் பார்த்த பிறகுதான் நானும் இதைத் தேடத் தொடங்கினேன்.

ஏ9 வீதியில் நிலைமை வேறு. முறிகண்டிப் பிள்ளையாரை வணங்கி, கடலை வாங்கிக்கொண்டு ஆறுதலாகப் போகிறவருக்குக் குறையில்லை. மாங்குளம் தாண்டி வவுனியா வரை பேருந்துகளோடு போட்டியிட நினைப்பவர் வேறு வண்டி பார்க்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்களிடம் வலியுறுத்த வேண்டியது ஆவணம். 2009 இல் போர் முடிந்த பின்னர் முள்ளிவாய்க்காலில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு வண்டியின் இயந்திரமும் இன்னொன்றின் சட்டமும் சேர்ந்த கலவைகள் இங்கே ஏராளம். எனக்கு விற்றவர் எல்லாம் சரியென்றுதான் சொன்னார். புத்தகத்திலிருந்த இயந்திர இலக்கத்தில் ஓர் எண் மாறியிருந்ததை வரி அனுமதிப்பத்திரம் எடுக்கப் போன அன்றுதான் கண்டேன். அதைத் திருத்த இரண்டு மாதங்கள் அலைந்தேன். ஆகவே அழுக்கைத் துடைத்து, இயந்திரம், சட்டம் இரண்டிலும் உள்ள இலக்கங்களை விரலால் தடவி, புத்தகத்தோடு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்ட பிறகே முற்பணம் கொடுங்கள்.

உதிரிப்பாகங்களில் பெரும்பாலானவை இன்று போலியானவை. செயினும் பிரேக் கட்டைகளும் அப்படிப்பட்டவையாக இருந்தாலும் சமாளிக்கலாம், ஆனால் பெற்றோலையும் காற்றையும் கலந்து இயந்திரத்துக்கு அனுப்பும் காபரேற்றரை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள். என் வண்டியில் இருப்பது பழைய ஜப்பான் காபரேற்றர். உள்ளே மண்ணெண்ணெய்க் காலத்துக் கறை இன்னும் இருக்கிறது. பரந்தனில் உள்ள திருத்துநர் வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவிப் பூட்டுகிறார். காலையில் இரண்டாவது மிதிக்கு வண்டி உயிர்க்கிறது.