முதுகு தேய்க்கிற நைலான் நார்: ஒரு ஸ்டார், அதுவும் நுரைக்கு மட்டும்

நுரை நல்லா வரும், சீக்கிரம் காஞ்சிடும், விலையும் கம்மி. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்காகத்தான் எல்லாரும் வாங்குறாங்க. அண்ணாச்சி கடையில சோப்புக்குப் பக்கத்துல பச்சையும் ரோஸுமா வலை மாதிரி தொங்குமே, முதுகுக்கு எட்டணும்னு ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சு நீளமா கூட வருமே, அந்த நைலான் நார்தான். எங்க அம்மா பல வருஷமா இதத்தான் யூஸ் பண்ணாங்க.

அம்மாவுக்கு முதுகோட மேல் பக்கம், தோள்பட்டை, காறை எலும்பு, கையோட வெளிப்பக்கம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கருத்துக்கிட்டே வந்துச்சு. கிட்ட போய் பாத்தா மொத்தமா ஒரே கருப்பு இல்ல, தண்ணி வத்துன ஆத்து மணல்ல அலை அலையா கோடு கிடக்குமே, அது மாதிரி சாம்பலும் காப்பி கலருமா வரி வரியா இருக்கும். லேசா அரிப்பும் உண்டு. அழுக்குதான் சேந்துருச்சுன்னு அம்மா இன்னும் அழுத்தித் தேய்ப்பாங்க, அதுவும் எண்ணெய் தேச்சுக் குளிக்கிற அன்னிக்கு சீயக்காயும் இந்த நாரும் சேந்தா தோல் செவந்து எரியுற வரைக்கும் விட மாட்டாங்க, அப்பத்தான் அவங்களுக்குக் குளிச்ச மாதிரியே இருக்கும், பக்கத்து வீட்டு அக்காவும் பாத்துட்டு இன்னும் நல்லா தேய்ங்கன்னுதான் சொன்னாங்க.

ஸ்கின் டாக்டர்கிட்ட போனா அவங்க கேட்ட முதல் கேள்வியே "எதம்மா போட்டுத் தேய்க்கிறீங்க?"ன்னுதான். இதுக்குப் பேரு ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ். ஜப்பான்ல 1980கள்லயே நைலான் துண்டு போட்டுத் தேச்சவங்களுக்கு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குற இடமெல்லாம் இப்படிக் கருத்தத டாக்டர்கள் எழுதி வச்சிருக்காங்க. உரச உரச மேல்தோல் செல் அடிபட்டு, அதுல இருக்குற மெலனின், அதாவது தோலுக்குக் கலர் குடுக்குற பொருள், அடித்தோலுக்கு இறங்கிடுது. அங்க போய் உக்காந்த கலர மேல எவ்வளவு தேச்சாலும் எடுக்க முடியாது, தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். சிலருக்கு அடிபட்ட செல்லோட புரதம் அமிலாய்டுங்கிற கரையாத புரதமா மாறி அங்கயே தங்கிடும், அத மாக்குலர் அமிலாய்டோசிஸ்னு சொல்றாங்க. இந்தப் பேர நெட்ல போட்டுத் தேடிப் பயந்துக்காதீங்க, இது தோலோட நிக்கிற விஷயம், இதயம் கிட்னிய பாதிக்கிற அமிலாய்டு வியாதி வேற.

எனக்கு உண்மையிலேயே கோவம் வர்றது இந்த நார பொம்பளப் புள்ளைங்க கழுத்துல போட்டுத் தேய்க்கிறதப் பாத்தாத்தான். எங்க அக்கா பொண்ணுக்குப் பின்கழுத்து வெல்வெட் மாதிரி தடிச்சுக் கருப்பா இருக்கும், அக்குள்லயும் அப்படித்தான். கல்யாண வீட்டுல ஆளாளுக்கு "கழுத்த ஒழுங்கா தேச்சுக் குளிக்க மாட்டியா"ன்னு கேட்டு அந்தப் புள்ள துப்பட்டாவ இழுத்து இழுத்து மூடிக்கிட்டு உக்காந்துருந்துச்சு. அது அழுக்கே இல்லைங்க! அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்னு சொல்வாங்க, பெரும்பாலும் உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யாததால வர்றது, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனை) இருக்குறவங்கள்லயும் சுகர் வரப்போறவங்கள்லயும் பல பேருக்குக் கழுத்துல இப்படித் தெரியும். அதுக்குத் தேவை சுகர் டெஸ்ட், ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சுகர் சராசரிய காட்டுற ரத்த டெஸ்ட்), வெயிட் இருந்தா குறைக்கிறது. நாரப் போட்டுத் தேச்சா தோல் இன்னும் தடிச்சு இன்னும் கருக்கும். எலுமிச்சம்பழத்தத் தேச்சுட்டு வெயில்ல போறதும் வேண்டாம், அது தோலையே பொசுக்கி புதுசா கருப்புத் திட்டு விட்டுட்டுப் போயிடும்.

இன்னொண்ணும் இருக்கு. விரல் முட்டி மட்டும் கருத்தா வைட்டமின் பி12 கம்மியா இருக்கலாம், சைவம் மட்டும் சாப்பிடறவங்க கண்டிப்பா பாத்துக்கோங்க. உள்ளங்கை ரேகையும் ஈறும் புதுசா கருத்து, கூடவே அசதி, வெயிட் குறையுது, எந்திரிச்சா தலை சுத்துதுன்னா லேட் பண்ணாம டாக்டர்கிட்ட போங்க, கிட்னிக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பியில பிரச்சனையா இருக்கலாம்.

நான் பாத்த நார் பாக்கெட்ல டெட் ஸ்கின் எடுக்கும், பளபளப்பாக்கும்னு பெருசா போட்டுருக்கு, அழுத்தித் தேய்க்காதீங்கன்னு ஒரு வரி இல்ல. தொட்டுப் பாருங்க, முடிச்சு போட்ட இடத்துல கெட்டியா குத்தும், காஞ்சா இன்னும் மோசம்.

அம்மா இப்ப வெறும் கையிலதான் சோப்புப் போட்டுக்கறாங்க, ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர் தடவிக்கறாங்க. அரிப்பு நின்னுடுச்சு, கையில கருப்பு லேசாகியிருக்கு, முதுகுல இன்னும் பெருசா மாறல, மாசக்கணக்குல ஆகும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாங்க. இதுக்குப் பதிலா பீர்க்கங்கா நார் வாங்கலாமான்னு கேட்டா, அழுத்தித் தேச்சா அதுவும் இதே வேலையத்தான் பண்ணும். தேய்க்காம இருக்க முடியலன்னா பழைய வேட்டித் துணிய நனைச்சு மெதுவா துடைங்க, போதும்.