டெஸ்க்டாப்பில் விபிஎன்: நிறுவனத்தின் ஆப்பா, வயர்கார்டு ஃபைலா, சொந்த சர்வரா?

எந்த விபிஎன் போடலாம் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒரு பிராண்டு பெயராகத்தான் வருகிறது. இது வேகம், அது மலிவு, இன்னொன்றில் ஆயிரக்கணக்கில் சர்வர். டெஸ்க்டாப்பில் வேலை பார்க்கிறவர் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: டன்னலை, அதாவது உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து விபிஎன் சர்வர் வரை குறியாக்கம் ஆகிப் போகும் இணைப்பை, உங்கள் பக்கத்தில் எது உருவாக்கப் போகிறது? நிறுவனம் தரும் ஆப்பா, விண்டோஸிலும் மேக்கிலும் ஏற்கெனவே இருக்கிற விபிஎன் வசதியா, வயர்கார்டு என்ற சின்ன புரோகிராமா, இல்லை மறுமுனையில் இருக்கும் சர்வரும் உங்களுடையதேவா? இந்த நான்கைத்தான் இங்கே ஒப்பிடப் போகிறேன். பிராண்டு சண்டையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விபிஎன் போட்டதும் ஆள் மறைந்துவிடுவதில்லை. இப்போது பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் ஓடுவதால் உங்கள் பாஸ்வேர்டு விபிஎன் இல்லாமலும் குறியாக்கம் ஆகித்தான் போகிறது. இணைய இணைப்பு கொடுப்பவருக்குத் தெரிவது எந்தத் தளத்துக்கு எப்போது போனீர்கள், எவ்வளவு டேட்டா ஓடியது என்பதுதான். விபிஎன் போட்டால் அந்தப் பார்வை அவரிடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு மாறுகிறது, அவ்வளவே. கூகுள் கணக்கில் லாகின் செய்துகொண்டே தேடினால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று முன்புபோலவே தெரியும். ஆகவே "யாரை நம்புவது" என்பதுதான் இங்கே அடிப்படைக் கேள்வி, மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பிரவுசர் எக்ஸ்டென்ஷனாக வரும் விபிஎன்களை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அவை பெரும்பாலும் பிராக்ஸிதான், பிரவுசரில் நடப்பதை மட்டும் திருப்பி விடும். மெயில் கிளையன்ட், டோரன்ட், கேம், பின்னணியில் ஓடும் அப்டேட் எல்லாம் பழைய வழியிலேயே போகும். 2015-ல் ஹோலா என்ற இலவச எக்ஸ்டென்ஷன் தன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது வெளியே வந்தது, அதன் பிறகும் "இலவசம்தானே" என்று கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, புரோட்டோகால், அதாவது டன்னலின் இரு முனைகளும் பேசிக்கொள்ளும் முறை. மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும். ஓப்பன்விபிஎன் 2001-லிருந்து இருக்கிறது, நம்பகமானது, ஆனால் கனமானது. அதன் பெரிய பலம் டிசிபி 443 போர்ட்டில் ஓட முடிவது (டிசிபி என்பது ஒவ்வொரு பாக்கெட்டும், அதாவது டேட்டாத் துண்டும், போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து அனுப்பும் முறை). சாதாரண எச்டிடிபிஎஸ் போக்குவரத்து போகும் அதே போர்ட் என்பதால் போர்ட்டை மட்டும் பார்க்கும் ஃபயர்வால் அதை எளிதில் அடைத்துவிட முடியாது. அதற்குக் கொடுக்கும் விலை வேகம்: டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் திருப்பி அனுப்பப் பார்த்து இணைப்பு திணறும். வயர்கார்டு புதியது, ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6-ல் சேர்ந்தது. சுமார் 4,000 வரி நிரல்தான், ஒரு ஆள் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம். ஆனால் யுடிபி என்ற, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறையில் மட்டுமே ஓடும், யுடிபியை அடைத்த நெட்வொர்க்கில் தனியாக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது ஐகேஇவி2, இதை விண்டோஸும் மேக்கும் கூடவே வைத்திருக்கின்றன. பட்டியலில் பிபிடிபி என்று ஒன்று கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அதன் பாஸ்வேர்டு முறையை 2012-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள், ஆப்பிள் 2016-ல் தன் மேக்கிலிருந்து அதை எடுத்தே விட்டது.

வீட்டு டெஸ்க்டாப்புக்கு வயர்கார்டு, அது ஓடாத இடத்தில் மட்டும் ஓப்பன்விபிஎன் டிசிபி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது.

இப்போது வழிகளுக்கு வருவோம். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் வசதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், விபிஎன் என்று போனால் சர்வர் முகவரி, பெயர், பாஸ்வேர்டு கேட்கும். அலுவலகம் கொடுத்த இணைப்புக்கு இது போதும். ஆனால் அங்கே வயர்கார்டும் கிடையாது, ஓப்பன்விபிஎன்னும் கிடையாது. இணைப்பு அறுந்தால் மொத்த இணையத்தையும் நிறுத்தி வைக்கும் கில் ஸ்விட்சும் அந்தப் பக்கத்தில் இல்லை, சத்தமில்லாமல் பழைய வழிக்குத் திரும்பிவிடும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நிறுவனத்தின் ஆப்தான் பெரும்பாலானோருக்குச் சரி. சர்வரை நொடியில் மாற்றலாம், கில் ஸ்விட்ச் இருக்கும், தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை அதுவே பார்த்துக்கொள்ளும், குறிப்பிட்ட ஆப்களை மட்டும் டன்னலுக்கு வெளியே விடும் ஸ்பிளிட் டன்னலிங்கும் பலவற்றில் உண்டு. ஆனால் இன்ஸ்டால் செய்ததும் அப்படியே விட்டுவிடாதீர்கள், செட்டிங்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். புரோட்டோகால் "ஆட்டோ" என்று இருந்தால் வயர்கார்டுக்கு மாற்றுங்கள். கில் ஸ்விட்ச் அணைந்திருந்தால் போடுங்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் தானே இணையும்படி வையுங்கள், இல்லாவிட்டால் ஞாபகம் வந்து நீங்கள் ஆப்பைத் திறப்பதற்குள் கிளவுட் சிங்க்கும் மெயிலும் வெளியே போய் வந்திருக்கும். விளம்பரத் தடுப்பு, வைரஸ் ஸ்கேன், பாஸ்வேர்டு மேனேஜர் என்று அதே ஆப்பில் ஏற்றி வைத்திருப்பதை எல்லாம் நான் அணைத்தே வைப்பேன். ஒரு வேலைக்கு வந்த ஆப் நான்கு வேலை செய்யத் தொடங்கினால், சிஸ்டத்தில் ஆழமான அனுமதியோடு ஓடும் நிரல் தேவையில்லாமல் பெருகுகிறது என்று அர்த்தம்.

அந்த ஆழமான அனுமதிதான் ஆப் வழியின் பலவீனமும். நெட்வொர்க் டிரைவர் போடும், ஃபயர்வால் விதிகளைத் திருத்தும், பின்னணியில் சர்வீஸ் ஓட்டும். இது பிடிக்காதவர்களுக்கு இருக்கிற மாற்று, எனக்குப் பிடித்தமானது, வெறும் வயர்கார்டு ஃபைல்.

கேட்கக் கஷ்டமாகத் தெரிந்தாலும் வேலை சின்னதுதான். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் வயர்கார்டு கான்ஃபிக் பகுதியில் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுத்து ஃபைலை இறக்குங்கள். வயர்கார்டின் அதிகாரபூர்வ ஆப்பைப் போட்டு அந்த ஃபைலை இம்போர்ட் செய்து ஆக்டிவேட் அழுத்துங்கள். முடிந்தது. லினக்ஸில் நெட்வொர்க் மேனேஜரே இதை ஏற்கும். உள்ளே திறந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு வரிதான் இருக்கும்: உங்கள் ரகசியச் சாவி, உங்களுக்கு ஒதுக்கிய முகவரி, டிஎன்எஸ், எதிர்முனையின் பொதுச் சாவி, சர்வரின் ஐபியும் போர்ட்டும். பிறகு எந்தெந்த முகவரிகள் டன்னலில் போக வேண்டும் என்ற வரி. இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் பாருங்கள். 0.0.0.0/0 (எல்லா ஐபிவி4 முகவரிகளும், அதாவது பழைய முகவரி முறை) மட்டும் இருந்து ::/0 (எல்லா ஐபிவி6 முகவரிகளும், புதிய முறை) இல்லையென்றால் ஐபிவி4 மட்டும்தான் உள்ளே போகும். உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் அது பக்கத்து வழியாக வெளியே ஓடிக்கொண்டே இருக்கும். ரகசியச் சாவி இருக்கிற ஃபைல் என்பதால் அதை மெயிலிலோ சாட்டிலோ யாருக்கும் அனுப்பவும் கூடாது.

இந்த வழியில் சில வினோதங்கள் உண்டு. முதலாவது, "ஆக்டிவ்" என்று பச்சை விளக்கு எரிந்தால் இணைந்துவிட்டது என்று பொருளில்லை. வயர்கார்டு பேச்சில்லாத பிராணி, எதிர்முனை செத்துக் கிடந்தாலும் விளக்கு எரியும். பார்க்க வேண்டியது "லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்" என்ற வரியைத்தான், இரு முனைகளும் கடைசியாகக் கைகுலுக்கிக்கொண்ட நேரம் அது. பிரவுசரில் எதையாவது திறந்த பிறகும் அந்த வரியே வரவில்லை என்றால் சாவி தப்பு, சர்வர் போய்விட்டது, அல்லது யுடிபி அடைபட்டிருக்கிறது. இரண்டாவது, ஒரே ஃபைலை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஓட்டினால், சர்வருக்கு இரண்டும் ஒரே ஆளாகத் தெரிந்து பதில்கள் மாறி மாறிப் போகும், இரண்டிலும் நெட் விட்டு விட்டு வரும். மெஷினுக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாக எடுங்கள். விண்டோஸில் டன்னல் ஒரு சர்வீஸாக ஓடுவதால் ஜன்னலை மூடினாலும் அணையாது, ரீஸ்டார்ட் செய்தாலும் திரும்ப வரும். இது எனக்குச் சௌகரியமாகத்தான் படுகிறது. அதே விண்டோஸ் ஆப்பில், டன்னலுக்கு வெளியே போவதைத் தடு என்ற அர்த்தத்தில் ஒரு டிக் பெட்டி இருக்கும், அதுதான் கில் ஸ்விட்ச். அதைப் போட்டதும் நெட்வொர்க் பிரிண்டர் காணாமல் போனால் பதற வேண்டாம், உள் நெட்வொர்க்கையும் சேர்த்துத்தான் அது அடைக்கிறது. லினக்ஸில் கமாண்ட் வழியாக ஓட்டுபவர்கள் ஃபைல் பெயரை 15 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் இன்டர்ஃபேஸ் பெயராகும், அதற்கு மேல் போனால் ஏற்காது.

சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் பெரும்பாலும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பிரச்சினை. வயர்கார்டு வழக்கமாக 1420 எடுத்துக்கொள்ளும். ஃபைலில் MTU = 1280 என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

ஆப்போடு ஒப்பிட்டால் இதில் இழப்பது சர்வர் மாற்றும் வசதி. ஒரு ஃபைலுக்கு ஒரு சர்வர், அந்த சர்வரை நிறுவனம் எடுத்துவிட்டால் புதிய ஃபைல் இறக்க வேண்டும். தினமும் ஒரே இடம் வழியாகப் போகிறவருக்கு அது குறையே இல்லை. நாடு மாற்றி மாற்றி வீடியோ பார்க்கிறவருக்கு எரிச்சல்தான்.

சொந்த சர்வர் பற்றிப் பேசும்போது மட்டும் பலருக்கு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. வாடகைக்கு ஒரு விபிஎஸ் (டேட்டா சென்டரில் ஓடும் மெய்நிகர் சர்வர்) எடுத்து வயர்கார்டு போட்டால் எந்த நிறுவனத்தையும் நம்ப வேண்டியதில்லை என்று. விபிஎஸ் கொடுக்கிற நிறுவனத்தை நம்பித்தானே ஆக வேண்டும்? அதைவிட முக்கியம், பெரிய விபிஎன்னில் ஒரே ஐபியில் பலர் கலந்திருப்பார்கள், உங்கள் சர்வரின் ஐபியில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயரில் பணம் கட்டிய முகவரி. அடையாளத்தை மறைக்க இது ஆப் வழியைவிட மோசம். பொது வைஃபையில் பாதுகாப்பாக இருக்க, அல்லது வெளியிலிருந்து வீட்டு கம்ப்யூட்டரை அணுக என்றால் அருமையான வழி. வீட்டை அணுகுவது மட்டும்தான் நோக்கம் என்றால் டெயில்ஸ்கேல் என்ற சேவை இன்னும் சுலபம், அதுவும் வயர்கார்டின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது, ரவுட்டரில் போர்ட் திறக்கும் வேலையும் இல்லை. ஆனால் அது உங்கள் கருவிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கு; இணையம் முழுவதையும் அதன் வழியாக விட வேண்டுமென்றால் ஒரு கருவியை எக்சிட் நோடாக, அதாவது இணையத்துக்கு வெளியேறும் வாசலாக, தனியே அமைக்க வேண்டும்.

இனி பிராண்டுகள். நான் பார்ப்பது வேகப் பட்டியலை அல்ல, நெருக்கடி வந்தபோது என்ன நடந்தது என்பதை. 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை வாரன்ட்டோடு முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய், வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. அங்கே கணக்கு என்பது ஒரு எண் மட்டும்தான், மெயில் முகவரிகூடக் கேட்பதில்லை, மாதம் 5 யூரோ, ஒரு மாதம் எடுத்தாலும் ஒரு வருடம் எடுத்தாலும் அதே விலை. எக்ஸ்பிரஸ்விபிஎன்னுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது: துருக்கியில் அதன் சர்வர் ஒன்றைக் கைப்பற்றியபோது அதில் பயனுள்ள பதிவு எதுவும் இல்லை. ஆனால் 2021-ல் அந்த நிறுவனத்தைக் கேப் டெக்னாலஜீஸ் 936 மில்லியன் டாலருக்கு வாங்கியது, சைபர்கோஸ்ட், பிஐஏ (பிரைவேட் இன்டர்நெட் அக்சஸ்) என்ற விபிஎன்களும் ஏற்கெனவே அதனிடம். அதே 2021-ல் விபிஎன்களை மதிப்பிட்டு எழுதும் தளங்களை நடத்தும் நிறுவனம் ஒன்றையும் கேப் வாங்கியது. "சிறந்த 10 விபிஎன்" பட்டியலைப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். நார்டுவிபிஎன் வாடகைக்கு எடுத்திருந்த ஃபின்லாந்து சர்வர் ஒன்றில் 2018-ல் ஊடுருவல் நடந்தது, அது வெளியே தெரிந்தது 2019 அக்டோபரில். ஊடுருவலைவிட அந்த இடைவெளிதான் எனக்கு உறுத்துகிறது.

பணம் கட்டாமல் வேண்டுமென்றால் புரோட்டான் விபிஎன்னின் இலவசத் திட்டம். டேட்டா வரம்பு இல்லை, ஆப்பின் நிரலும் திறந்த மூலம். பதிலுக்கு ஒரு கருவியில் மட்டும், நாட்டை உங்கள் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. கட்டணம் செலுத்துகிறவர்களின் பணத்தில் ஓடும் இலவசம் என்பதால் இதை மற்ற இலவசங்களோடு நான் சேர்ப்பதில்லை. ஃபேஸ்புக் நடத்திய ஓனாவோ விபிஎன்னும் இலவசம்தான், பயனர்கள் வேறு எந்த ஆப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவல் அதன் வழியாகத்தான் ஃபேஸ்புக்குக்குப் போனது, 2019-ல் மூடினார்கள்.

என் கணக்கு இது: லினக்ஸோ, ஒரே இடம் போதும் என்கிறவரோ, முல்வாட் கணக்கும் வயர்கார்டு ஃபைலும். செட்டிங்ஸ் பக்கமே போக விரும்பாதவர் புரோட்டான் ஆப், முதலில் இலவசம், பிடித்தால் கட்டணம். ஸ்ட்ரீமிங்தான் முக்கியம் என்றால் பெரிய பிராண்டுகளில் ஒன்றை ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வருடத் திட்டத்துக்குத் தள்ளுபடி கவர்ச்சியாக இருக்கும், ஆனால் இடையில் நிறுவனம் கைமாறினாலும் உங்கள் பணம் அங்கேதான்.

எதைப் போட்டாலும் சோதித்துவிடுங்கள். விபிஎன் இல்லாமல் உங்கள் முகவரியைக் காட்டும் ஐபிலீக் போன்ற ஒரு தளத்தைத் திறந்து ஐபிவி4, ஐபிவி6, டிஎன்எஸ் மூன்றையும் குறித்துக்கொண்டு, விபிஎன் போட்டு மறுபடி பாருங்கள். பழைய எண்களில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. டிஎன்எஸ்ஸில் உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் தெரிந்தால் கசிகிறது. விண்டோஸில் ஓப்பன்விபிஎன் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி வரும், ஏனென்றால் விண்டோஸ் 8-லிருந்து எல்லா இணைப்புகளிலும் ஒரே நேரத்தில் டிஎன்எஸ் கேட்கும் பழக்கம் அதற்கு உண்டு. வெளி டிஎன்எஸ்ஸைத் தடுக்கும் வரியை ஓப்பன்விபிஎன் கான்ஃபிக் ஃபைலில் சேர்க்கலாம். கில் ஸ்விட்சைச் சோதிக்க ஒரு பெரிய டவுன்லோடை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் விபிஎன்னை வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். டவுன்லோடும் நிற்க வேண்டும்.

ஒரு விபிஎன்னிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் பழைய ஆப்பில் கில் ஸ்விட்சை அணைத்து, அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்த பிறகு புதியதைப் போடுங்கள். பழைய ஃபயர்வால் விதி மிச்சம் இருந்தால் புதிய ஆப் எவ்வளவு முயன்றாலும் இணையாது, நீங்கள் புதிய நிறுவனத்தின் கஸ்டமர் கேரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.