சீல் பிரிக்காத பையில் இரண்டரை வருஷப் பழைய ஹார்ட் டிஸ்க்

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே நாலு ஹார்ட் டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க் வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஒன்று ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், அப்பாவின் வீட்டுப் பத்திர ஸ்கேன்கள், மனைவி நடத்தும் ஆரி எம்பிராய்டரி வகுப்பின் வீடியோக்கள், எல்லாம் அதில்தான். டிஸ்க்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் முறை ரெய்டு 5. அதாவது ஒரு டிஸ்க் செத்தால் தாங்கும், இரண்டு செத்தால் மொத்தமும் போச்சு.

போன மார்ச்சில் மூன்றாவது டிஸ்க்கில் ரீஅலோகேட்டட் செக்டர் எண்ணிக்கை, அதாவது கெட்டுப்போய் மாற்று இடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, ஏறத் தொடங்கியது. திங்கட்கிழமை 8, அடுத்த திங்கட்கிழமை 136. இப்படி வாராவாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பக்கூடாது. சனிக்கிழமையே சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன்.

கடை பெயர் வேண்டாம். முதலில் சாதாரண டெஸ்க்டாப் டிரைவ் ஒன்றை எடுத்து நீட்டினார்கள். அது எஸ்எம்ஆர் வகை. தடங்களை ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி எழுதுவதால், ஒரு இடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதியாக வேண்டும். ரெய்டு ரீபில்டு (மாற்றிய டிஸ்க்கில் தகவலைத் திரும்ப உருவாக்குவது) மாதிரி மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும் வேலையில் மூச்சுத் திணறும். 2020-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் டிரைவ்களில் 2 முதல் 6 டிபி வரை இந்த வகை இருந்தது தெரியவந்து பெரிய சண்டையே நடந்தது. அதன்பின் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை வேண்டுமென்றால் ரெட் பிளஸ் என்று பார்த்து வாங்க வேண்டும் என்றானது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற மிதப்பு. "சிஎம்ஆர்தான் வேணும்" என்றேன், பெரிய விவரசாலி மாதிரி.

"அப்போ இதை எடுத்துக்குங்க சார். சீகேட், சர்வர் கிரேடு. சீல்டு பீஸ்." வெள்ளி நிறப் பை, வாய் ஒட்டியிருந்தது. அட்டைப்பெட்டி இல்லை. வேறு இடங்களில் சொன்னதைவிட 1,800 ரூபாய் குறைவு. பில்லில் "4 டிபி எச்டிடி – 1" என்று மட்டும் எழுதினார். சீரியல் நம்பர் இல்லை. வாங்கி மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். என் தப்பு அங்கேதான்.

வீட்டுக்கு வந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் பார்த்தால் ஓடிய நேரம் 3 மணி. புதுசுதான் என்று நிம்மதி. ரீபில்டு பதினோரு மணி நேரத்தில் முடிந்தது. மூன்றாவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் பெட்டி கத்தியது. புது டிஸ்க்கையே கழற்றிவிட்டு, மீதி மூன்றில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த மூன்றும் ஒரே நாளில் வாங்கிய ஆறு வயசுக் கிழங்கள். அன்றைக்கு விடிகிற வரை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்த "புது" டிஸ்க்கைப் பழைய டெஸ்க்டாப்பில் மாட்டி ஆராய்ந்தேன். சீகேட் டிரைவ்களில் ஸ்மார்ட் தவிர ஃபார்ம் என்று இன்னொரு பதிவு உண்டு. ஸ்மார்ட் கணக்கை அழித்து விற்கிறவர்கள் பல சமயம் இதை விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 பதிப்பு முதல் அதைப் படிக்க முடியும். படித்தேன். 21,460 மணி நேரம். வருஷத்துக்கு 8,760 மணி. இரண்டரை வருஷம் இரவு பகலாக எங்கேயோ உழைத்துக் களைத்த டிஸ்க், மூன்று மணி நேரக் குழந்தையாக என் வீட்டுக்கு வந்திருக்கிறது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பக்கவாட்டு ஸ்க்ரூ துளைகளின் வாய் தேய்ந்து பளபளத்தது. என் பெட்டியில் ஸ்க்ரூவே கிடையாது, பிளாஸ்டிக் கிளிப்தான். சாட்டா கனெக்டரின் தங்கப் பற்களில் கோடு கோடாகப் பல கீறல்கள். லேபிளில் தயாரிப்புத் தேதியும் மூன்று வருஷம் முந்தையது. பையைப் பிரித்த அன்றே ஒரு நிமிஷம் இதைப் பார்த்திருக்கலாம். சீகேட் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டால், வேறொரு நிறுவனத்தின் கருவியில் பொருத்துவதற்காக (ஓஇஎம்) விற்கப்பட்டது, வாங்கிய இடத்தை அணுகவும் என்று வந்தது.

2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஹைசே என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் இதே கதையை வெளியிட்டது. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிரைவ்கள் புதுசென்று கடைகளில் விற்கப்பட்டிருந்தன. ஹார்ட் டிஸ்க் இடத்தை வைத்து சியா என்ற கிரிப்டோ காசு தோண்டிய பண்ணைகளிலிருந்து வந்திருக்கலாம் என்று பேசப்பட்டது. அப்போது அதைப் படித்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று கடந்து போனவன் நான்.

கடைக்குத் திரும்பப் போனேன். "ஓஇஎம் சரக்கு சார், கம்பெனி வாரண்டி வராது. கடை வாரண்டி ஒரு வாரம்" என்றார். வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே என்றால், "நீங்க கேக்கலையே." ஃபார்ம் பதிவின் பிரிண்ட்டை நீட்டினேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. "இது எங்க டிஸ்க்குன்னு பில்லுல இருக்கா சார்?"

இல்லை. அதுதான் விஷயம்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அவர் எதிரிலேயே போன் போட்ட பிறகு குரல் இறங்கியது. பணம் தரமாட்டேன், வேண்டுமானால் வேறு சரக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதே லாட்டிலிருந்து இன்னொரு டிஸ்க்கைத்தான் முதலில் எடுத்தார். அந்தப் பையை நான் தொடவில்லை.

இப்போது பெட்டியில் இருப்பது அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் அட்டைப்பெட்டியோடு, பில்லில் சீரியல் நம்பரோடு வாங்கியது. பணம் கொடுக்கும் முன் கவுண்டரிலேயே போனில் வாரண்டி தேதியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டில் டெஸ்க்டாப்பில் மாட்டி, ஃபார்ம் பார்த்து, முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிப் படித்துச் சோதித்த பிறகுதான் நாஸுக்குள் விட்டேன். கூடுதலாக இரண்டு நாள் ஆனது.

பழைய கடையில் என் பணத்துக்கு ஈடாகக் கிடைத்தது ஒரு மானிட்டர், ஒரு கீபோர்டு, இரண்டு லேன் கேபிள். கீபோர்டில் ஸ்பேஸ் பார் சிக்குகிறது.