தானாகப் பதியும் செயலியா, உறை முறையா, கைப்பதிவா: வீட்டு பட்ஜெட்டுக்கு எது கடைசிவரை கூட வரும்?

பட்ஜெட் செயலி தேடும்போது கண்ணில் முதலில் படுவது வசதிகளின் பட்டியல். எத்தனை வங்கிக் கணக்குகளை இணைக்கலாம், வரைபடங்கள் எப்படி இருக்கின்றன, இலவசமா கட்டணமா என்று பார்த்து ஒன்றை இறக்கிக்கொள்கிறோம். முதல் வாரம் நன்றாகத்தான் போகும். சோதனை வருவது இரண்டாம், மூன்றாம் மாதத்தில். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அல்லது திடீரென்று ஒரு பயணம் வரும். பத்து நாள் எதையும் பதிந்திருக்க மாட்டோம். அப்புறம் திறந்து பார்த்தால் செயலி காட்டும் இருப்பும் கையில் உள்ள இருப்பும் பொருந்தாது. அந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் பார்க்கும் முதல் அளவுகோல் இதுதான்: விட்ட இடத்திலிருந்து திரும்பி வர இந்தச் செயலி எவ்வளவு எளிதாக வழிவிடுகிறது?

ஒவ்வொரு செயலியாக ஒப்பிடுவதைவிட, அவை எந்த முறையில் இயங்குகின்றன என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. செயலிகள் வந்து போகும். முறைகள் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை.

தானாகப் பதிபவை

வங்கிக் கணக்கையும் கார்டையும் ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு பரிவர்த்தனையையும் செயலியே இழுத்து, வகை பிரித்து, மாதக் கடைசியில் வரைபடமாகக் காட்டிவிடும். வங்கி இணைப்பு கிடைக்காத இடங்களில், வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படித்துப் பதிகிற செயலிகள் இதே வேலையைச் செய்கின்றன. இந்த முறையை அமெரிக்காவில் பரவலாக்கியது 2007-இல் வந்த மின்ட் என்ற செயலி.

பத்து நாள் திறக்காவிட்டாலும் இதில் பதிவு விட்டுப்போகாது. இந்த ஒரு விஷயத்தில் இதை மிஞ்ச வேறு முறை இல்லை. ஆனால் அதே காரணத்தால் செயலியைத் திறக்க வேண்டிய அவசியமும் குறைந்துகொண்டே போகிறது. மாதம் முடிந்தபின் ‘வெளியே சாப்பிட்டதில் இவ்வளவு போயிருக்கிறது’ என்று தெரியவருகிறது. அந்தப் பணம் அதற்குள் போய்விட்டது. ரொக்கச் செலவு இதன் கண்ணில் படாது. எல்லாம் விற்கும் பெரிய கடையில் மளிகையும் பொம்மையும் சட்டையும் சேர்ந்து வாங்கினால், மொத்தமும் ஒரே வகையில் போய் விழும். அதை நாமாகப் பிரித்துப் போட வேண்டும்.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 2001-இல் டிராசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் போட்டிக்கான டிக்கெட்டுகளை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட மிக அதிக விலை கேட்டார்கள். பணம் கையை விட்டுப் போகும்போது உறைப்பதுதான் செலவைக் கொஞ்சமாவது கட்டுப்படுத்துகிறது. கார்டு அதைக் குறைத்துவிடுகிறது. பதிவும் தானாக நடந்தால் மிச்சமிருக்கும் உறைப்பும் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

உறை முறை

சம்பளம் வந்ததும் வாடகைக்கு ஒரு கவர், மளிகைக்கு ஒரு கவர் என்று பிரித்து வைப்பது பழைய வழக்கம். அதையே செயலிக்குள் கொண்டுவந்தவை யூ நீட் எ பட்ஜெட், குட்பட்ஜெட், ஆக்சுவல் பட்ஜெட் போன்றவை. இந்த மூன்றில் முதலாவது கட்டணச் செயலி, சோதனைக் காலம் உண்டு. குட்பட்ஜெட்டின் இலவசப் பதிப்பில் உறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. ஆக்சுவல் 2022-இல் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாக, மாறியது. கொஞ்சம் கணினி தெரிந்தவர்கள் சொந்தமாகவே நிறுவிக்கொள்ளலாம், தகவல் நம் கையிலேயே இருக்கும்.

மனித மனமே இப்படித்தான் கணக்கு வைக்கிறது. பணம் எல்லாம் ஒன்றுதான் என்றாலும், ‘இது படிப்புக்கு’, ‘இது மருந்துக்கு’ என்று மனதுக்குள் தனித்தனியாக வைத்திருப்போம். இதை மனக்கணக்கியல் என்று விளக்கிய ரிச்சர்ட் தேலர் 2017-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். உறை முறை அந்த இயல்போடு சேர்ந்தே போவதால், பழகிய பிறகு பாரமாகத் தெரிவதில்லை.

தானியங்கி முறையோடு நேருக்கு நேர் வைத்தால் மூன்று இடங்களில் இது தெளிவாக முந்துகிறது. முதலாவது, ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு. காப்பீட்டுத் தவணையில் பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் அதன் உறையில் போட்டு வந்தால், கட்ட வேண்டிய மாதத்தில் அது அதிர்ச்சியாக இருக்காது. வெறும் பதிவுச் செயலியில் அந்த மாதம் சிவப்புக் கோடு உச்சத்துக்குப் போகும். ‘இந்த மாதம் கெட்டுப்போச்சு’ என்று மனம் சோர்ந்துவிடும். பட்ஜெட்டைக் கைவிட வைப்பவற்றில் இந்த ஆண்டுச் செலவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது, கிரெடிட் கார்டு. யூ நீட் எ பட்ஜெட்டில் கார்டைத் தேய்த்து மளிகை வாங்கினால், மளிகை உறையிலிருந்து அந்தத் தொகை கார்டு பில்லுக்கான உறைக்கு உடனே நகர்ந்துவிடும். பில் வரும்போது பணம் காத்திருக்கும். மூன்றாவது, நிலையில்லாத வருமானம். கையில் வந்த பணத்துக்கு மட்டுமே வேலை ஒதுக்குவதுதான் இந்த முறை. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சுயதொழில் செய்பவர்களுக்கும் நாள்கூலிக் குடும்பங்களுக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி!

சரி, குறை? முதல் மாதம் கடினம். எல்லா உறையையும் நிரப்பப் பணம் போதாது. அது கண்ணுக்கு நேராகத் தெரியும். செயலி ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று அப்போதே மூடிவிடுபவர்கள் உண்டு. காட்டுவது உண்மை நிலைதான். இரண்டு மூன்று மாதம் கடந்தால் உறைகள் மெல்ல நிரம்பத் தொடங்கும்.

திரும்பி வருவதைப் பொறுத்தவரை, கேள்விப்படுவதைவிட இது எளிது. யூ நீட் எ பட்ஜெட், ஆக்சுவல் இரண்டிலும் கணக்கைச் சமன்செய்யும் வசதி இருக்கிறது. வங்கியில் உள்ள உண்மையான இருப்பைக் கொடுத்தால், வித்தியாசத்தை ஒரே வரியாகப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். யூ நீட் எ பட்ஜெட்டில், பழையதைக் காப்பகத்தில் வைத்துவிட்டு அதே வகைகளோடு புதிதாகத் தொடங்கவும் வழி உண்டு.

கைப்பதிவுச் செயலிகள்

மனி மேனேஜர் போன்றவை. தொகை, வகை, சேமி. சில நொடிகளில் முடிந்துவிடும். கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, வங்கித் தகவலை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்த கையோடு பதியும்போது மேலே சொன்ன அந்த உறைப்பு திரும்ப வருகிறது. முதல் இரண்டு மாதத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பலவீனமும் அதிலேயேதான். பதிய மறந்தால் போனது போனதுதான். பழைய ரசீதுகளைத் தோண்டி எடுத்து ஒவ்வொன்றாக ஏற்ற நினைத்தால் அன்றே வெறுத்துவிடும். ‘தெரியாத செலவு’ என்று ஒரு வகை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த நாளில் வித்தியாசத்தை அதில் ஒரே வரியாகப் போட்டுவிட்டு இன்றிலிருந்து தொடருங்கள். மாதாமாதம் அந்த வரி சிறிதாகிக்கொண்டு வந்தால் போதுமானது.

தாளும் நோட்டும்

எக்செல்லோ கூகுள் ஷீட்ஸோ நன்றாகத் தெரிந்தவர்களுக்கு வேறு செயலியே வேண்டாம். யூ நீட் எ பட்ஜெட்கூட 2004-இல் விற்பனைக்கு வந்தபோது ஒரு எக்செல் தாள்தான். வெளியே நின்றுகொண்டு போனில் பதிவது மட்டும் சிரமம். 1998-இல் முதல் பதிப்பு வந்த க்னூகேஷ் என்ற கணினிச் செயலி இலவசம், இரட்டைப் பதிவு முறையில் (பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு இடத்தில் பதிவது) துல்லியமாக நிற்கும். ஆனால் கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கே அது கைவரும், வீட்டில் மற்றவர் அதைத் தொடமாட்டார். நோட்டை விரும்புபவர்கள் ஜப்பானின் காகேபோ முறையைப் பார்க்கலாம். பத்திரிகையாளர் ஹனி மொடோகோ 1904-இல் அறிமுகப்படுத்திய வீட்டுக் கணக்கேடு அது.

வீட்டில் இருவர் என்றால்

ஒருவர் மட்டுமே கணக்குப் பார்க்கும் வீட்டில் பட்ஜெட் என்பது மற்றவருக்குக் கண்காணிப்பாகத் தெரியத் தொடங்கும். ‘இது என்ன செலவு?’ என்று கேட்ட நாளிலிருந்து அவர் பதிவதை நிறுத்திவிடுவார். இந்த இடத்தில் உறை முறை உண்மையிலேயே உதவுகிறது. கேட்க வேண்டிய கேள்வி ‘ஏன் செலவழித்தாய்?’ என்பதிலிருந்து ‘எந்த உறையிலிருந்து எடுக்கலாம்?’ என்று மாறிவிடுகிறது. இருவர் போனிலும் ஒரே உறைகள் தெரிவதற்காகவே குட்பட்ஜெட்டைத் தேர்ந்தெடுக்கலாம். எதை எடுத்தாலும், ஆளுக்கொரு சொந்த உறை கட்டாயம் வையுங்கள். அதில் எவ்வளவு போகிறது என்று மட்டும்தான் பதிவு, எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த உறை இல்லாத பட்ஜெட்டில் ஒளிவுமறைவு வந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது

மாதக் கடைசியில் பணம் இழுபறியாக இருக்கிறதா, கடன் இருக்கிறதா, வருமானம் ஏறி இறங்குகிறதா? உறை முறைக்குப் போங்கள். ஆனால் நேராகக் குதிக்க வேண்டாம். முதல் மாதம் கைப்பதிவுச் செயலியில் ஏழெட்டு வகைகளோடு வெறுமனே பதியுங்கள், எந்த வரம்பும் போடாமல். இரண்டாம் மாதம் அந்த எண்களை வைத்து உறைகளை அமையுங்கள். ஊகத்தில் போட்ட பட்ஜெட் முதல் வாரத்திலேயே உடையும். பார்த்த எண்களில் போட்டது தாங்கும். வருமானம் தாராளமாக இருக்கிறது, எங்கே போகிறது என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்குத் தானியங்கியே சரி. அவர்களும் வாரம் ஒருமுறை கால் மணி நேரம் உட்கார்ந்து வகைகளைத் திருத்த வேண்டும். அது இல்லாவிட்டால் அந்தச் செயலி போனில் சும்மா கிடக்கும்.

முப்பது நாற்பது வகைகளோடு தொடங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்த வகையில் போடுவது என்று யோசிக்க வைக்கும் ஒவ்வொரு செலவும் பதியாமல் போகும் செலவு.

ஊக்கம் குறையும்போது

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010-இல் அச்சில் வெளியானது. ஒரு புதிய தினசரிப் பழக்கம் இயல்பாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது என்றது அது. ஆளுக்கு ஆள் இது 18 முதல் 254 நாள்வரை வேறுபட்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று: இடையில் ஒருநாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. சோதித்தவை சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்கள்தான் என்றாலும், ஒருநாள் விட்டதற்காக எல்லாம் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ‘தொடர்ச்சியாக இத்தனை நாள்’ என்று எண்ணிக்காட்டும் அறிவிப்பு உங்கள் செயலியில் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது ஒருமுறை பூஜ்யமானால் திரும்ப வர மனம் வராது.

கடன் அடைப்பவர்களுக்கு இன்னொன்று. டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே வந்தவர்கள் மொத்தக் கடனிலிருந்தும் வெளியே வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். வட்டிக் கணக்குப்படி பெரிய வட்டிக் கடனை முதலில் அடைப்பதுதான் லாபம். ஆனாலும் அலுப்புத் தட்டும் நிலையில் சின்னக் கடன் ஒன்றை முழுதாக முடித்து, அதன் வரியைச் செயலியிலிருந்து நீக்கிவிடுங்கள். வட்டி வித்தியாசம் மிக அதிகமாக இல்லாதவரை நான் அப்படித்தான் சொல்வேன்.

கடைசியாக, தேர்ந்தெடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை. மின்ட்டை 2009-இல் வாங்கிய இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் அதை மூடியது. பயனர்களைத் தன் இன்னொரு சேவைக்குப் போகச் சொன்னது. வகைவாரியாக மாத பட்ஜெட் போடும் வசதி அப்போது அதில் இல்லை. பதினைந்து ஆண்டுக்கும் மேலாக ஓடிய செயலிக்கே அந்த நிலை. அதனால் சோதனைக் காலத்திலேயே நாலைந்து செலவுகளைப் பதிந்து, அமைப்புகளுக்குள் போய் சிஎஸ்வி கோப்பாக (எக்செல் போன்றவற்றில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) ஏற்றுமதி செய்து பாருங்கள். தேதி, தொகை, வகை, குறிப்பு நான்கும் தனித்தனி நெடுவரிசையாக ஒரு எக்செல் தாளில் திறந்தால் அந்தச் செயலியில் தைரியமாகத் தொடங்கலாம். திறக்கவில்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பாருங்கள்.